போர்டு மாட்டாத போர்ஷன் வீடு: வேலூரில் முதல் வீடு தேடுகிறவர்களுக்கு

நாலு குடும்பம் இருக்கிற மாதிரி ஒரு வீட்டை வாங்கி, கீழ் போர்ஷனில் நாம் இருந்துகொண்டு மேலே மூன்றை வாடகைக்கு விட்டால் கடனில் ஒரு பகுதி அதிலேயே கழியும் என்று கணக்குப் போடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒன்றரை வருஷம் தேடினேன். முதல் ஆறு மாதம் செல்போனில் விளம்பரம் பார்ப்பதிலேயே போய்விட்டது, அங்கே நான் பார்த்தவை பெரும்பாலும் ஏற்கெனவே பத்துப் பேர் வந்து பார்த்து, பேப்பர் சரியில்லை என்றோ விலை படியவில்லை என்றோ விட்டுப்போன வீடுகள். கடைசியில் சத்துவாச்சாரியில் நான் வாங்கிய வீட்டுக்கு எந்த விளம்பரமும் இல்லை. கேட்டில் போர்டு கிடையாது. தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

போர்ஷன் வீடுகள் ஏன் இப்படிச் சத்தமில்லாமல் கைமாறுகின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள், தேடுகிற வழி தானாகத் தெரிந்துவிடும். வீட்டுக்காரர் போர்டு மாட்டினால் குடியிருப்பவர்கள் பயந்து வேறு வீடு பார்ப்பார்கள், வாடகையை நிறுத்தி "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். பங்காளிகள் காதுக்குப் போகும். "பையன் கடன் வைத்துவிட்டானா" என்று தெருவில் பேச்சு வரும். அதனால் விற்க நினைக்கிறவர் நம்பிக்கையான இரண்டு பேரிடம் மட்டும் சொல்லி வைக்கிறார். அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

முதலில் கையிருப்பு

வீடு பார்க்கக் கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு 85 லட்சம் விலை சொல்கிற நாலு போர்ஷன் வீடு. வங்கியில் 60 லட்சம் கடன் வாங்குகிறீர்கள், 20 வருஷம், 8.5 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 52 ஆயிரத்துச் சொச்சம். கீழே நீங்கள் இருந்துகொண்டு மேலே மூன்று போர்ஷனுக்கு 9,000, 7,500, 6,000 என்று வந்தால் மொத்தம் 22,500. தவணையில் பாதிகூட இல்லை. அதிலும் வருஷத்தில் ஒரு மாதமாவது ஏதோ ஒரு போர்ஷன் காலியாக இருக்கும், மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு, சொத்து வரி என்று போகும். வாடகையே கடனைக் கட்டிவிடும் என்று யாராவது சொன்னால் அந்த வீட்டு விலையையும் வாடகையையும் எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் கணக்கு வராது. வாடகை ஒரு தோள் கொடுக்கும், சுமையை நாம்தான் தூக்க வேண்டும்.

அடுத்தது பதிவுச் செலவு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. அதே 85 லட்சத்துக்கு 7 லட்சத்து 65 ஆயிரம். இதற்கு வங்கி கடன் தராது, சொந்தப் பணம்தான். கடன் அளவு 30 லட்சம் வரை இருந்தால் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை, 30-இல் இருந்து 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது, அதுவும் வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் மதிப்பில்தான், நீங்கள் பேசிய விலையில் இல்லை. பழைய வீடு என்றால் அவர் போடும் மதிப்பு உங்கள் பேச்சு விலையை விட நன்றாகவே குறையும். ஆக மேலே சொன்ன உதாரணத்தில் கையில் குறைந்தது 33 லட்சம் இல்லாமல் பேச்சைத் தொடங்காதீர்கள், ரிப்பேருக்கு அதற்கு மேல் கொஞ்சம். எனக்கு இது தெரியாமல் ஒரு நல்ல வீடு கைநழுவிப் போனது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

வங்கியில் முன்கூட்டியே போய்ச் சம்பளச் சான்று, வருமான வரிக் கணக்கு எல்லாம் கொடுத்து எவ்வளவு கிடைக்கும் என்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரமில்லாத வீட்டில் உங்களுக்கு இருக்கிற ஒரே பலம், "பணம் ரெடி, பேப்பர் சரியாக இருந்தால் இரண்டு மாதத்தில் பதிந்துகொள்ளலாம்" என்று சொல்ல முடிவதுதான்.

எந்தப் பக்கம் தேடுவது

ஊர் முழுக்க அலையாதீர்கள். இரண்டு ஏரியா, அதிகம் போனால் மூன்று. வேலூரில் யார் வாடகைக்கு வருகிறார்கள் என்பதை வைத்துத்தான் ஏரியாவைப் பிரிக்க வேண்டும்.

தோட்டப்பாளையம், காகிதப்பட்டறை மாதிரி சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றிய பக்கம் வடநாட்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிற குடும்பங்கள் சமையலறையோடு அறை கேட்டு நாள் வாடகைக்குத் தங்குவார்கள். வருமானம் பெரிதாகத் தெரியும். ஆனால் அது வீடு வாடகைக்கு விடுவது அல்ல, லாட்ஜ் நடத்துவது. மின்சாரமும் சொத்து வரியும் வணிகக் கணக்கில் வரும், வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், 2020 ஊரடங்கு மாதிரி ஒன்று வந்தால் மொத்தமும் காலி. முதல் வீடு வாங்குகிறவர் இந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

காட்பாடியில் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தை ஒட்டி, பிரம்மபுரம், சேவூர் வரைக்கும் மாணவர்கள் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று வாங்கலாம், விடுமுறையில் காலியாகும், வீடும் சீக்கிரம் அடிபடும். சத்துவாச்சாரி, ரங்காபுரம், காந்தி நகர், கழிஞ்சூர், பாகாயம் பக்கம் ஆசிரியர், நர்ஸ், கலெக்டர் ஆபீஸ் ஊழியர், ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறவர் என்று குடும்பங்கள் இருக்கும். வாடகை கொஞ்சம் குறைவுதான். ஆனால் எட்டு வருஷம், பத்து வருஷம் ஒரே வீட்டில் இருப்பார்கள். கூடவே குடியிருக்கப் போகிற நமக்கு இதுதான் நிம்மதி.

தண்ணீர் இரண்டு விதமாகப் பாருங்கள். ஒன்று, மே மாதத்தில் போர்வெல் எப்படி. இன்னொன்று, நவம்பரில் தெரு எப்படி. நிக்கல்சன் கால்வாயை ஒட்டிய கன்சால்பேட்டை மாதிரிப் பகுதிகளில் பெருமழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது கரையோரத்தில் எந்தத் தெரு வரை தண்ணீர் ஏறியது என்று அங்கே இருக்கிற யாரைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். மலையடிவாரத்தில் மலிவாக வருகிற வீடுகளில் வேறு சிக்கல். நிறைய இடம் புறம்போக்கு, சில இடம் வனத்துறை எல்லை. வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் காட்டி "எல்லாம் இருக்கிறது" என்பார்கள். பட்டா இருக்காது. பி மெமோ (அரசு நிலத்தை ஆக்கிரமித்ததற்குப் போடும் அபராத நோட்டீஸ்) கட்டின ரசீதை எடுத்து நீட்டினால் அது அரசு நிலம் என்றே அர்த்தம், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வீட்டைக் கண்டுபிடிப்பது

நடங்கள். பைக்கில் போனால் எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஒரு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து, ஒவ்வொரு வீட்டின் வாசல் பக்கச் சுவரில் கரண்ட் மீட்டர் பெட்டியைப் பாருங்கள். ஒரே பெட்டியில் நாலு மீட்டர் வரிசையாக இருந்தால் அது நாலு போர்ஷன் வீடு. மூன்று மீட்டரில் எண் ஓடி, நாலாவதில் தூசி படிந்து ஒட்டடை கட்டியிருந்தால் ஒரு போர்ஷன் ரொம்ப நாளாகக் காலி, வீட்டுக்காரர் ஆள் தேடவில்லை. மாடிப்படி வெளியே தனியாகப் போகிறதா, டேங்க் எத்தனை இருக்கிறது, "டு லெட்" அட்டை வெயிலில் வெளுத்துப் போயிருக்கிறதா, பெயிண்ட் அடித்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும், வாசலில் கோலம் இருக்கிறதா. சின்ன நோட்டில் கதவு எண்ணோடு குறித்துக்கொண்டே போங்கள். நான் மூன்று ஞாயிறில் ஏறக்குறைய நாற்பது வீடு குறித்தேன், அதில் ஆறு வீட்டுக்காரர்கள் விற்கும் யோசனையில் இருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அப்புறம் மனிதர்கள். தண்ணீர் கேன் போடுகிறவர், பால்காரர், பூக்கார அம்மா, இஸ்திரி வண்டிக்காரர், அந்தத் தெருவுக்கு வழக்கமாக வருகிற பிளம்பர், மளிகைக் கடை அண்ணாச்சி. இவர்களிடம் ஒரே நாளில் போய் "வீடு விலைக்கு இருக்கா" என்று கேட்டால் "தெரியாதுங்க" என்றுதான் வரும். நான் இஸ்திரி அண்ணனிடம் இரண்டு மாதம் சட்டை கொடுத்து வாங்கினேன். ஒரு நாள் பெட்டியில் கரி போட்டுக்கொண்டே அவராகத்தான் சொன்னார். "தம்பி, அந்தப் பச்சை கேட்டு வீட்டு ஐயா போன வருஷம் தவறிட்டாரு. அம்மா தனியா இருக்காங்க. பசங்க ரெண்டு பேரும் வெளியூரு, பொண்ணு மெட்ராஸ்ல. அம்மாவால மாடி ஏற முடியல. நீங்க போய் நேரா கேக்காதீங்க, நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்." இந்த "ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்" எந்த விளம்பரத்துக்கும் ஈடாகாது.

துக்கம் நடந்த வீட்டில் காரியம் முடிந்த சூட்டோடு போய் நிற்காதீர்கள். அது மரியாதையும் இல்லை, வாரிசுகளுக்குள் பேச்சே முடிந்திருக்காது.

பத்திர எழுத்தர்களிடமும் சொல்லி வைக்கலாம். பாகப்பிரிவினை எழுத வருகிறவர்களில் சிலர் வீட்டைப் பிரிக்க முடியாமல் விற்று முடிக்க நினைப்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஏரியா புரோக்கரை ஒதுக்க வேண்டாம், நல்லவர் இருக்கிறார், கமிஷன் எவ்வளவு, யார் தருவது என்பதை மட்டும் முதல் நாளே வாய்விட்டுப் பேசிவிடுங்கள். இன்னொரு வழி, நீங்களே அந்தத் தெருவில் வாடகைக்குக் குடி போவது. என் மாமா ஒருவர் காந்தி நகரில் குடியிருந்த வீட்டையே வாங்கினார், மழைக்கு எங்கே ஒழுகும் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆடி மாதத்தை விட்டுவிடாதீர்கள். யாரும் பதிவு செய்ய மாட்டார்கள், வாங்குகிறவர் நடமாட்டமும் குறைவு. பேசுவதற்கு அதைவிட நல்ல மாதம் இல்லை. ஆடியில் வீடு பார்த்து, பேப்பர் வாங்கி வக்கீலிடம் கொடுத்து, ஆவணியில் ஒப்பந்தம் போடலாம்.

முதல் பேச்சு

விலை பேசப் போகாதீர்கள். என்னை அந்த அம்மா உட்கார வைத்து மோர் கொடுத்தார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், பிள்ளைகள் எத்தனை என்று அரை மணி நேரம். அப்புறம்தான் மனசில் இருந்ததைக் கேட்டார்: "மேல் வீட்டுல இருக்கிற டீச்சர் பொண்ணு பதினோரு வருஷமா இருக்குது. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதே அதுதான். நீங்க வந்தா அதைக் கிளப்பிடுவீங்களாப்பா?" கிளப்ப மாட்டேன் என்றேன், அதை இன்று வரை காப்பாற்றுகிறேன். எனக்கு முன்னால் வந்த ஒருவர் என்னைவிட அதிக விலை சொல்லி, எல்லாரையும் காலி செய்து கொடுக்க வேண்டும் என்று கேட்டாராம். விளம்பரமில்லாமல் விற்கிறவர்களுக்குப் பணம் தவிர வேறொரு கவலையும் இருக்கும். அது என்னவென்று காது கொடுத்துக் கேளுங்கள். மூன்று மாதம் கூடத் தங்க வேண்டுமா, கொல்லையில் இருக்கிற மாமரத்தை வெட்டக்கூடாதா, பங்கு மூன்று பேருக்கும் தனித்தனியாக டிடி எடுத்துத் தர வேண்டுமா. இவற்றை உங்களால் செய்ய முடிந்தால் விலை தானாக இறங்கி வரும்.

விளம்பரம் இல்லாத வீட்டின் விலையைச் சுற்று வட்டாரத்தில் ஒப்பிட வழியில்லையே என்பீர்கள். அந்தத் தெருவுக்கு அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்பு பதிவுத்துறை இணையதளத்தில் இருக்கிறது, அது அடிப்படை. அதற்கு மேல் சமீபத்தில் அதே தெருவில் மனை என்ன விலைக்குப் போனது என்று மூன்று பேரிடம் கேளுங்கள். சதுரடிக் கணக்கில் மனை விலையைத் தனியாக, கட்டடத்தைத் தனியாகப் போடுங்கள். முப்பது வருஷக் கட்டடத்துக்குப் புதுக் கட்டட விலை சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டைப் பார்ப்பது

கொத்தனார் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். மேல்தளக் காங்கிரீட் அடியில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிர்ந்திருக்கிறதா என்பதை குளியலறைக் கூரையில் பார்த்தால் போதும், வீட்டின் வயசு அங்கே தெரியும். போர்வெல் எத்தனை அடி, கழிவுநீர் பாதாளச் சாக்கடையில் இணைந்திருக்கிறதா, செப்டிக் டேங்க்தானா. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டரா, இல்லை ஒரே இணைப்பில் சப்-மீட்டரா என்பது முக்கியம். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், ஒரே மீட்டரில் நாலு குடும்பம் ஓடினால் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும், மாதா மாதம் அதற்கே சண்டை. மோட்டார் கரண்ட் யார் மீட்டரில் ஓடுகிறது என்றும் கேளுங்கள்.

குடியிருப்பவர்கள்

இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்காரர் அனுமதியோடு ஒவ்வொரு போர்ஷனுக்கும் போய் நீங்களே பேசுங்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எந்த வருஷம் வந்தார்கள். நான் முதலில் பார்த்த ஒரு வீட்டில் வீட்டுக்காரர் நோட்டில் அட்வான்ஸ் 30,000 என்றிருந்தது, மேலே குடியிருந்த அம்மா 50,000 கொடுத்ததாக ரசீதையே எடுத்துக் காட்டினார். வீடு கைமாறினால் அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியது நாம். எல்லா அட்வான்ஸையும் கூட்டி, விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸை விடப் பெரியது போக்கியம். சில போர்ஷன்களுக்கு வாடகையே வராது, ஐந்து லட்சம் எட்டு லட்சம் என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு மூன்று வருஷத்துக்கு விட்டிருப்பார்கள். "நாலு போர்ஷன், நல்ல வாடகை" என்று சொல்கிற வீட்டில் இரண்டு போர்ஷன் போக்கியத்தில் இருந்தால் உங்கள் கணக்கு முழுக்க மாறிவிடும். போக்கியப் பத்திரம் பதியாமல் வெறும் தாளில் இருந்தால் வில்லங்கச் சான்றிலும் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) வராது, அந்தக் குடும்பத்திடம் நேரில் கேட்டால்தான் தெரியும். பேசி முடித்தபின் ஒவ்வொருவரிடமும், வாடகை இவ்வளவு, கொடுத்த பணம் இவ்வளவு, வேறு பாத்தியதை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேப்பர்

விளம்பரத்துக்கு வந்த வீட்டில் உங்களுக்கு முன் நாலு வக்கீல் பேப்பரைப் பார்த்திருப்பார்கள். இதில் நீங்கள்தான் முதல். அதனால் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையதளத்தில் 1975-இல் இருந்து பார்க்கலாம், அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு வாங்க வேண்டும். வீட்டுக்காரர் கொடுக்கிற நகலை நம்ப வேண்டாம், நீங்களே போட்டு எடுங்கள். சர்வே எண்ணைப் பழையது, புதியது இரண்டிலும் போட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் பத்திரங்களில் ஒரு குழப்பம் உண்டு. 1980 வாக்கில் எழுதிய மூலப்பத்திரத்தில் "வட ஆற்காடு மாவட்டம், வேலூர் தாலுகா, சத்துவாச்சாரி கிராமம்" என்றிருக்கும். 1989-இல் வட ஆற்காடு பிரிந்து அம்பேத்கர் மாவட்டம் ஆனது, பிறகு வேலூர் மாவட்டம், 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. சத்துவாச்சாரியே பின்னாளில் மாநகராட்சிக்குள் வந்தது. மாவட்டப் பெயர் மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழைய கிராம சர்வே எண்ணும் இப்போதைய டவுன் சர்வே எண்ணும் ஒரே இடம்தான் என்று நகர நில அளவைப் பதிவேட்டு நகலில் ஒத்துப் போகிறதா, நாலு எல்லையும் பொருந்துகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது.

வாரிசு விஷயத்தில் கண்ணை மூடாதீர்கள். அப்பா உயில் எழுதாமல் போன வீடு என்றால் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றில் இருக்கிற அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். "தங்கச்சிக்குக் கல்யாணத்தப்பவே சீர் செஞ்சாச்சு, அவ கேக்க மாட்டா" என்று அண்ணன்கள் சொல்வார்கள். சீர் வேறு, சொத்து வேறு. தமிழ்நாட்டில் 1989-இலேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று சட்டம் வந்துவிட்டது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. அந்தத் தங்கை நேரில் வந்து கிரயத்தில் கையெழுத்துப் போடட்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் பதிந்து தரட்டும். இது உங்கள் பாதுகாப்புக்கு மட்டுமல்ல, அவருக்கு நியாயமும் இதுதான். பங்குதாரரில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தப் பங்கை வாங்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை தனக்காகக் கையெழுத்துப் போட வேறொருவருக்குப் பவர் கொடுத்திருந்தால் அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றதா, இங்கே வந்து முறைப்படி முத்திரை வைத்ததா, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்று இருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் செத்துவிடும்.

சத்துவாச்சாரியில் ஹவுசிங் போர்டு (வீட்டு வசதி வாரியம்) கட்டம் கட்டமாக ஒதுக்கிய பகுதிகளில் இன்னொன்று பார்க்க வேண்டும். ஒதுக்கீட்டு ஆணை மட்டும் கையில் இருக்கும், முழுப் பணம் கட்டி வாரியத்திடம் கிரயப் பத்திரம் வாங்கியிருக்க மாட்டார்கள். அந்தப் பத்திரம் இல்லாமல் விற்க அவர்களுக்கு உரிமை இல்லை. மனைப்பிரிவு வீடுகளில் அங்கீகாரம் கேளுங்கள், இல்லையென்றால் வரன்முறைப்படுத்திய ஆணை. கோயில் நிலம், வக்ஃப் நிலம் இல்லை என்பதை வக்கீல் எழுத்தில் சொல்லட்டும்.

கட்டட அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடி ஏறுங்கள். தரைத்தளமும் ஒரு மாடியும்தான் அனுமதியில் இருக்கும், இரண்டாவது மாடி பின்னால் எழுப்பியது. வங்கி அந்த மாடிக்கு மதிப்புப் போடாது. அதன் வாடகையைக் காட்டி உங்களிடம் விலை கேட்பார்கள். அனுமதியில்லாத மாடிக்கு நானென்றால் விலை தர மாட்டேன்.

எல்லாம் சரி என்று வக்கீல் சொன்னபின் ஒரு தமிழ் நாளிதழில், இந்தச் சொத்தை வாங்கப் போகிறோம், ஆட்சேபனை இருந்தால் இத்தனை நாளில் தெரிவிக்கவும் என்று அவர் பெயரில் அறிவிப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், ரகசியம் போய்விடுமே என்று. முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிப் புரிய வையுங்கள்.

பணம், ஒப்பந்தம், பதிவு

டோக்கன் அட்வான்ஸ் என்று வெற்றிலைப் பாக்கில் 1,001 ரூபாய் வைத்துக் கொடுப்பது நம் வழக்கம், அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் கொடுப்பது எல்லாம் வங்கி வழியாக. வீடு விற்கிற விஷயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. கிரைய ஒப்பந்தத்தைப் பதிந்துகொள்ளுங்கள், தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அதைப் பதிவது கட்டாயம். வெறும் பத்திரத் தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதும் என்று இன்றும் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒப்பந்தத்தில் கெடு எத்தனை மாதம், வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்ப வருமா, எந்த போர்ஷனில் யார் இருக்கிறார்கள், அட்வான்ஸ் எவ்வளவு கழித்தது என்பது வரை எழுதட்டும்.

விலையில் பாதியைக் கறுப்பில் கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். கடன் குறையும், பிறகு நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரி உங்கள் தலையில் விழும், நாளைக்குத் தகராறு வந்தால் பத்திரத்தில் இருக்கிற தொகைக்குத்தான் பேச முடியும். பேசிய விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்கு முத்திரைத் தீர்வை. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் விற்கிறவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரிக்கான முன்பிடித்தம்) பிடித்து அவர் பான் எண்ணில் நீங்கள்தான் கட்ட வேண்டும். விற்கிறவர்களில் ஒருவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் அவர் பங்குக்கு இந்த 1 சதவீதம் பொருந்தாது, பிடித்தம் அதிகம். பணம் கொடுக்கும் முன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பதிவு நாளில் எல்லா அசல் பத்திரமும் வாங்கியாயிற்றா என்று பட்டியல் போட்டு அங்கேயே சரிபாருங்கள். கடனில் வாங்குவதால் அவை வங்கிக்குப் போகும், ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.

பதிந்த பிறகு

பட்டா மாறுதலுக்கு விவரம் பதிவிலிருந்தே போகும், ஆனாலும் உங்கள் பெயர் ஏறியதா என்று இணையத்தில் நீங்களே பாருங்கள், ஏறவில்லை என்றால் தாலுகா அலுவலகத்தில் மனு. மாநகராட்சியில் சொத்து வரி, குடிநீர் இணைப்பு இரண்டுக்கும் பெயர் மாற்றம். மின்வாரியத்தில் நாலு இணைப்புக்கும் தனித்தனியாக. பாக்கி எதுவும் இல்லை என்ற ரசீதைப் பதிவுக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் பழைய பாக்கி உங்களிடம் வரும்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இல்லாமல் பல வருஷமாக இருப்பவர்களோடு இப்போது ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி அதை வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். முதல் மாதமே வாடகை ஏற்றாதீர்கள். நான் குடி போன அன்று மாலை ஒவ்வொரு போர்ஷனுக்கும் பால் காய்ச்சிய பாத்திரத்தோடு போய், உங்கள் அட்வான்ஸ் இவ்வளவு, இனி அதற்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்தேன். டீச்சரம்மா அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "தண்ணி மோட்டார் சாயங்காலம் ஆறு மணிக்கு நான்தாங்க போடுவேன், அப்படியே வெச்சிக்கலாமா" என்று கேட்டார். அப்படியே வைத்துக்கொண்டோம்.